சுக்குவுக்குச் சைவம்

செப்டம்பர் 14, ஞாயிறு

உமையாள் மத்தியான பஸ்ஸில் கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்டாள். நாய்க்குட்டி இங்கே இருக்கிறது.

ஹாஸ்டல் வாசலில் கிடந்த குட்டியாம். தோழிகள் சேர்ந்து அறைக்குள் ஒளித்து வளர்த்திருக்கிறார்கள். வார்டன் கண்டுபிடித்ததும் என் மகள் அதைக் கூடைக்குள் வைத்து பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்துவிட்டாள். மூன்று மாதம் இருக்கும். காய்ந்த இஞ்சியின் நிறம், முண்டும் முடிச்சுமான கால்கள். அதனால் சுக்கு என்று பெயர். கூடவே ஒரு தட்டு, ஒரு பழைய துண்டு, பாதி தீர்ந்த தீனிப் பொட்டலம். பொட்டலத்தின் மேல் கோழிப் படம்.

அதைப் பார்த்ததும் இவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். இவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட உயர்த்தியதில்லை. "நாய் இருந்துட்டுப் போகட்டும்மா. அந்தப் பாக்கெட் மட்டும் நம்ம வீட்டுல வேண்டாம்" என்று மகளிடம் சொன்னார்.

"அது நாய்ப்பா. ஓதுவார் இல்ல" என்றாள் உமையாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டேன்.

கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. அக்டோபர் பத்தாம் தேதி என் மாமனாரின் தெவசம். அதற்குள் குட்டியைச் சைவத் தீனிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதுவரை கோழிப் பொட்டலம் புறவாசலில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மூடி போட்ட தகர டின்னில் இருக்கலாம். "மாறலேன்னா யாருக்காவது குடுத்திருவோம் அமுதா. உன் இஷ்டம்" என்றார். இவர் 'உன் இஷ்டம்' என்றால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

பஸ் கிளம்பும்போது உமையாள் ஜன்னல் வழியாக என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பாத்துக்கிடுவேல்லாம்மா?"

பாத்துக்கிடுவேன் என்றேன்.

செப்டம்பர் 15

கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். பெனிட்டா என்று பெயர், சின்ன வயசு. ஊசி போட்டு, எடை பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். தீனியை மாற்ற வேண்டும் என்றேன். இது ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார். ஒத்துக்கொள்கிறது, ஆனால் எங்கள் வீடு சைவம் என்றேன்.

"நாய் சைவம் இல்லியே மேடம்" என்றார் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன்.

பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முடியாத காரியம் இல்லையாம். ஆனால் குட்டிகளுக்கென்று தயாரித்த தீனியாகப் பார்த்து வாங்க வேண்டும். பழையதில் முக்கால் பங்கு, புதியதில் கால் பங்கு என்று தொடங்கி, சில நாள் கழித்துப் பாதிப் பாதி, அப்புறம் மெதுவாகப் பழையதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பேதி போனால் நிறுத்திவிட வேண்டும்.

"மாத்துறது கஷ்டமில்ல மேடம். பொறுமை வேணும். வயித்துக்குத் தெரியாம மாத்தணும்."

ஆட்டோவில் வரும்போது இந்த வாக்கியமே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 17

இவர் வங்கியிலிருந்து வரும்போது புதுப் பொட்டலம் வாங்கி வந்தார். பெரிய பொட்டலம். ஜோடு கழற்றும் முன்பே அதன் மூலையில் இருந்த பச்சைப் புள்ளியைக் காட்டினார். மூன்று கடை ஏறி இறங்கினாராம்.

பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தேன். ஒரு வயதுக்கு மேற்பட்ட நாய்களுக்கு என்று போட்டிருந்தது. சொன்னேன்.

"நீ எழுத்தெல்லாம் வாசிப்பே. நான் புள்ளியப் பாத்தேன், அது போதும்."

வளர்கிற குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக வேண்டும், எலும்பு இப்போதுதான் பிடிக்கும் என்றேன். பால் ஊற்று என்றார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "நாய்தானட்டி" என்றார், தணிவாக.

நான் விலங்கியலில் எம்.எஸ்சி. கல்லூரியில் தவளை, ஓணான், சுறாக்குட்டி எல்லாம் அறுத்த கை. உயிரியல் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். உமையாள் பத்தாம் வகுப்பு வந்தபோது ஒரு வருடம் நின்றுகொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம். அவள் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம்.

மாடியிலிருந்து உலகம்மாள் மதினி இறங்கி வந்தார். இவருடைய அக்கா. முப்பது வயதில் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவர். அன்றிலிருந்து அடுக்களை அவர் கையில். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். "பருப்பு வாசம்தான் வருது. நல்லதாத்தான் இருக்கு" என்றார். குனிந்து சுக்குவின் நெற்றியைத் தடவினார். "பாவம் வாயில்லாச் சீவன். இம்புட்டு நாளும் என்னத்தையெல்லாம் தின்னுச்சோ."

அவர் கெட்டவர் இல்லை. இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை.

செப்டம்பர் 18

கால் பங்கு கலந்து வைத்தேன். கோழி உருண்டைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டது. புதிய உருண்டைகளைத் தட்டைச் சுற்றித் தரையில் எடுத்து வைத்திருந்தது. துப்பவில்லை. எடுத்து வைத்திருந்தது.

செப்டம்பர் 19

அதே.

செப்டம்பர் 21, ஞாயிறு

அமாவாசை. இவர் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார். காக்காய்க்குச் சோறு வைத்த இலையைச் சுக்கு முகர்ந்துவிட்டது என்று சிறு சலசலப்பு.

இன்று ஒரு யுக்தி செய்தேன். இரண்டு தீனியையும் வெந்நீரில் ஊறப்போட்டு, கையால் பிசைந்து கூழாக்கிவிட்டேன். இனிமேல் எது எது என்று பிரிக்க முடியாது. முகர்ந்தது, என்னைப் பார்த்தது, தின்றது. தட்டை நக்கி முடித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கெட்டிக்காரிதான் நீ" என்றார்.

அந்தத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் கல்யாணமான புதிதில் எனக்கென்று ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது. இவரே வாங்கிக்கொடுத்தது. தூத்துக்குடியில் மீனும் கருவாடுமாக வளர்ந்தவள் ஒரே நாளில் எப்படி மாறுவாள், முட்டை மட்டும் புறவாசலில் அவித்துக்கொள்ளட்டும், மீனை அம்மா வீட்டுக்குப் போகும்போது சாப்பிடட்டும் என்று அவருடைய அப்பாவிடம் எனக்காகப் பேசினார். காதலித்துக் கட்டிக்கொண்டவர் அல்லவா. அந்தப் பேச்சைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன், சந்தோஷத்தில்.

பிறகு உமையாள் வயிற்றில் வந்தாள். பிள்ளை பிறக்கிற வரைக்கும் அம்மா வீட்டிலும் வேண்டாமே என்றார். பிறந்ததும், பால் குடிக்கிற வரைக்கும் என்றார். திரி மாற்ற வேண்டும் என்று ஸ்டவ் கடைக்குப் போனது. திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.

என்னை யாரும் எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை. இதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்.

செப்டம்பர் 24

பாதிப் பாதி. காலையில் கொஞ்சம் இளக்கமாகப் போயிற்று. டாக்டருக்கு போன் செய்தேன். ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள் என்றார். இவரிடம் சொன்னபோது, நாள் நெருங்குகிறதே என்று காலண்டரைப் பார்த்தார். நிறுத்தவில்லை.

செப்டம்பர் 27, சனி

உமையாள் வீடியோவில் வந்தாள். சுக்குவைக் காட்டச் சொன்னாள். அது அவள் குரல் வந்த திக்கில் காதைத் திருப்பியது, எழுந்திருக்கவில்லை.

ஏன் இப்படிப் படுத்தே கிடக்கிறது என்று கேட்டாள். வெயில் என்றேன். தட்டை ஆட்டினாலே குதிக்குமே என்றாள். வளர்ந்துவிட்டது என்றேன்.

பிறகு இவர் போனை வாங்கி, ஹாஸ்டலில் என்ன சாப்பாடு என்று கேட்டார். "சாம்பார்ப்பா" என்றாள். சனிக்கிழமைகளில் அந்த ஹாஸ்டலில் என்ன போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். சேர்க்கும்போது அங்கே மாட்டியிருந்த சாப்பாட்டு அட்டவணையை வாசித்தது நான்தான். நான் அவளிடம் கேட்பதில்லை. அவளும் என்னிடம் சொல்வதில்லை. அவள் முகம் பளபளப்பாக இருந்தது. உடம்பு தேறியிருக்கிறாள்.

அக்டோபர் 1

சுக்கு சுவரை நக்குகிறது. புறவாசலில் காரை பெயர்ந்த இடத்தில், வெள்ளையடித்த சுண்ணாம்பை. முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். இன்று பார்த்தால் ஒரு சாண் அகலத்துக்குச் செங்கல் தெரிகிறது.

எனக்கு இதற்கான காரணம் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத்தான் பாடமாக எடுத்தேன். இவரிடம் போய்ச் சொன்னேன். எலும்புக்கு வேண்டியது கிடைக்கவில்லை, குட்டிக்கான தீனியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றேன். ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தெவசம் முடியட்டும், பாப்போம்" என்றார். வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை.

சாயங்காலம், கோழித் தீனியைக் கொஞ்சம் கூடுதலாகக் கலப்போம் என்று தகர டின்னைத் திறந்தேன். இத்தனை நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அள்ளுவது வழக்கம். இன்று மறந்துவிட்டேன். உள்ளேயிருந்து வந்தது கோழி வாசம் இல்லை. வெயிலில் காய்கிற கருவாட்டின் வாசம். எங்கள் வீட்டு மச்சில் அம்மா காயப்போடும் நெத்திலி.

அம்மா இருந்த காலத்தில், இங்கே வருகிற நாளில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பாள். பீரோவிலிருந்து எடுத்த புதுச் சேலை கட்டிக்கொள்வாள். பஸ்ஸில் யார் மேலும் படாமல் நின்றுகொண்டே வருவாள். அப்படி வந்தும் முன்னறையைத் தாண்டி உள்ளே வரமாட்டாள். அவள் போனதும் மதினி சாம்பிராணி போடுவார். வேறெதற்குமில்லை, விளக்கு வைக்கிற நேரம் அது. உமையாளுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒருநாள் என்னைக் கேட்டாள், தூத்துக்குடி ஆச்சி வந்தா மட்டும் எதுக்கும்மா புகை போடுதாங்க என்று. கொசுவுக்கு என்று சொன்னேன்.

டின்னைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மூடிவிட்டேன். கூடுதலாகக் கலக்கவில்லை. நாள் நெருங்குகிறது.

அக்டோபர் 6

தகர டின்னைக் காணவில்லை. இவர் காலையிலேயே குப்பை வண்டியில் போட்டுவிட்டார். இன்னும் நாலைந்து நாளுக்கு இருந்தது. முழுக்கப் பச்சைப் புள்ளிதான் இனி.

காலையில் தொடவில்லை. மத்தியானம் தொடவில்லை. சாயங்காலம் தின்றது. இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது தின்று முடித்ததும் "சபாஷ்" என்றார். நாயிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

அக்டோபர் 8

பாத்திரங்கள் இறக்கினோம். வாழையிலைக்குச் சொல்லியாயிற்று. சுக்குவுக்கு விலா எலும்பு எண்ணலாம் போலிருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

தெவசம் நல்லபடியாக முடிந்தது. கை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது இவர் சுக்குவைப் பற்றிப் பேச்செடுத்தார். கோழித் தீனி தின்றுகொண்டு வந்த நாய் மூன்றே வாரத்தில் சைவமாகிவிட்டது என்று சொன்னார். இவருடைய சித்தப்பா, தென்காசிக்காரர், நம்பவில்லை. "நாய் எங்கயாவது சைவம் ஆகுமாடே? ஒனக்குத் தெரியாம வெளிய போய்த் தின்னுட்டு வரும்."

"கட்டியே கெடக்கு சித்தப்பா. வேணும்னா பாருங்க" என்று இவர் அதைப் புறவாசலிலிருந்து முற்றத்துக்குக் கூட்டிவரச் சொன்னார். நான்தான் சங்கிலியைப் பிடித்து வந்தேன். அத்தனை பேரைப் பார்த்ததும் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தது.

மதினி ஒரு சின்ன இலை நறுக்கிப் போட்டார். மனுஷருக்குப் போடுவது போலவே தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு, பக்கத்தில் இரண்டு கரண்டி பாயசம். தெவசத்துப் பாயசம் இந்த வீட்டில் தாராளமாக இருக்கும். நெய்யில் வறுத்த முந்திரியும் கிஸ்மிஸும் கரண்டிக்குக் கரண்டி வரும். "எங்க அப்பாவே வந்து சாப்புடுத மாதிரி இருக்கு" என்று மதினி சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. இன்னொரு கரண்டி விட்டார். அடியில் தங்கிய கிஸ்மிஸை வழித்துப் போட்டார்.

சுக்கு எல்லாவற்றையும் தின்றது. அவ்வளவு பசி. இலையையும் கடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

சித்தப்பா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து, "சங்கரலிங்கம், நீ ஆளுதாம்டே" என்றார். "தூத்துக்குடிப் பிள்ளையவே மாத்திக் காட்டின ஆளு நீ. ஒனக்கு நாய் ஒரு கணக்கா?"

மறுபடியும் சிரிப்பு. இவர் இல்லை இல்லை என்பது போலத் தலையாட்டினார். முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சந்தோஷம். பரிசு வாங்கும்போது உமையாள் சின்னதில் அப்படித்தான் நிற்பாள்.

நானும் சிரித்தேன். கையில் பாயசத் தூக்கு இருந்தது. இன்னும் கொஞ்சம் விடட்டுமா சித்தப்பா என்று கேட்டேன்.

அக்டோபர் 11

விடிந்ததிலிருந்து வாந்தி. சோறு, பிறகு வெறும் நுரை. நெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மதினி திருநீறு பூசி, ஓமத் தண்ணீர் கொடுத்தார். அதையும் வாந்தி எடுத்தது. வாந்தியில் கிஸ்மிஸ் முழுசு முழுசாகக் கிடந்தது, தண்ணீரில் ஊறியது போல உப்பி.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டது. சிறுநீர் போகவே இல்லை. தூக்கினால் துணி மாதிரி தொங்கியது.

இவர் கார் எடுத்தார். அதைச் சொல்ல வேண்டும். உடனே எடுத்தார்.

டாக்டர் பெனிட்டா என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கிஸ்மிஸ் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நாய்க்கு அது விஷம் மேடம். திராட்சை எதுவுமே ஆகாது. கிட்னியப் பிடிக்கும்."

எனக்கு இது தெரியாது. எம்.எஸ்சி.யில் இது இல்லை. உண்மையாகவே தெரியாது.

டிரிப் ஏற்றினார்கள். முன்னங்காலில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் முடியைச் சிரைத்தார்கள். இளைத்துப் போயிருக்கிறதே, என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று கேட்டார் டாக்டர். நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய நாய்க்கு உள்ள தீனி" என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வண்ணார்பேட்டைப் பாலம் தாண்டும்போது இவர் பேசினார்.

"அக்காட்ட கிஸ்மிஸ்னு சொல்லாத அமுதா. அப்பா தெவசத்துப் பாயசம். தாங்க மாட்டா."

"என்ன சொல்ல?"

"பழைய தீனி வயித்துல கெடந்து செஞ்ச வேலைன்னு சொல்லுவோம். உன் இஷ்டம்."

அக்டோபர் 12

மதினி கேட்டார். இவர் சொன்னார், பழைய தீனிதான் காரணம் என்று.

"நான் அன்னைக்கே நெனச்சேன். அந்தக் கோழிக் கழிவு உள்ள தங்கிட்டு. சைவச் சாப்பாடு போனதும் ரெண்டும் சண்டை போட்டிருக்கு." காந்திமதியம்மனுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்படித்தானட்டி? நீ படிச்சவ, சொல்லு."

"ஆமா மதினி" என்றேன்.

அக்டோபர் 13

டிரிப் ஓடிக்கொண்டிருக்கிறது. கண் திறந்து பார்த்தது.

அக்டோபர் 14

சிறுநீர் போயிற்று. டாக்டர் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார். பிழைத்துவிடும். என் வாழ்க்கையில் ஒரு நாய் மூத்திரம் பெய்ததற்காக ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுவேன் என்று நினைத்ததில்லை.

குட்டிகளுக்கான தீனிதான், வேறு எதுவும் வாயில் படக்கூடாது, எலும்பு வளைய ஆரம்பித்திருக்கிறது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். கோழித் தீனியே ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார்.

வீட்டு வாசலில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் பொட்டலத்தைப் பார்த்தார், உள்ளே மதினியின் முதுகைப் பார்த்தார். "அதுதான் காரணம்னு அவட்ட சொல்லியாச்சே. இப்ப அதையே கொண்டு வந்தா எப்படிட்டி?" என்றார்.

அவர் சொன்னது நியாயம். பொய்யின் கணக்குப்படி அது நியாயம்.

நடையில் நின்றபடியே தம்பி சேர்மத்துரைக்கு போன் செய்தேன். ஒரு நாய்க்குட்டி வளர்ப்பாயா என்று கேட்டேன். "குடுக்கா, பிள்ளைக கேட்டுக்கிட்டே இருக்கு" என்றான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நிம்மதியானார் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 16

உமையாளிடம் இவர் சொல்லியிருக்கிறார். அவள் எனக்கு போன் செய்தாள்.

"பழைய தீனிதான் காரணமாமே. நான் வாங்கிக் குடுத்த தீனி. ரெண்டு மாசம் அதத்தான தின்னுச்சு, ஒண்ணும் ஆகலையே. நெசமாவா?"

அடுக்களையில் மதினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஆமா என்றேன்.

 பிறகு, "நீ பாத்துக்கிடுவேன்னு சொன்னம்மா. ஒரு நாய்க்குட்டிக்காகக்கூட அப்பாட்ட முடியாதுன்னு உனக்குச் சொல்ல வரல" என்றாள். கத்தவில்லை. அவள் அப்பாவைப் போலவே, குரலை உயர்த்தாமல்.

அக்டோபர் 18, சனி

தூத்துக்குடி.

சுக்குவைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஜன்னலோரம் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. உப்பளம் தாண்டி ஊர்க்காற்று அடித்ததும் கூடைக்குள் நிற்க ஆரம்பித்தது. தெருமுனையில் உப்பு மண்டிக்காரர் மனைவி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அமுதக்கனியா?" என்றாள். அந்தக் கனியை என் கல்யாணப் பத்திரிகையிலேயே எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டாலே எந்த வீட்டுப் பெண் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமாம். ஆமாம் என்றேன்.

தம்பி பிள்ளைகள் சுக்குவை என் கையிலிருந்து பிடுங்காத குறை. டாக்டர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் போட்டதும் கூடையைத் தள்ளிவிட்டு ஓடியது. தின்றுகொண்டே உறுமியது. இத்தனை நாளில் அது உறுமி நான் கேட்டதில்லை. முடித்துவிட்டு முற்றம் முழுக்க வட்டமடித்தது. வளைந்த காலோடு.

மத்தியானம் தம்பி மனைவி பொன்மலர் பரணிலிருந்து என் சட்டியை இறக்கினாள். இந்த வீட்டில் எனக்கென்று மீன் படாத ஒரு சட்டி உண்டு. அம்மா வாங்கி வைத்தது. அம்மா போன பிறகும் பொன்மலர் அதைத் தனியே கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். அடுப்பில் மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"அதை மேலயே வை பொன்மலர். நீங்க சாப்பிடுததயே எனக்கும் போடு."

அவள் என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"அத்தான் ஒண்ணும் சொல்ல மாட்டாவளாக்கா?" என்றான் அவன்.

"மாட்டாவ."

அவள் தட்டு வைத்தாள். குழம்பை ஊற்றினாள். பெரிய நெத்திலியாகப் பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டாள். "அத்தை இருந்திருந்தா" என்று தொடங்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எத்தனை வருடம் இதை நினைத்திருக்கிறேன் என்று எழுதப் போவதில்லை. அந்தக் குழம்பின் நிறம், மாங்காய்த் துண்டின் ஓரம் சுருண்டிருக்கும் விதம், முள்ளை நாக்கால் பிரிப்பது, எல்லாம் எனக்கு மனப்பாடம். பிசைந்தேன். ஒரு வாய் வைத்தேன்.

நாக்குக்கு அது என்னவென்று தெரியவில்லை. மென்மையாக ஏதோ. பழைய துணியை மென்றது போல. விழுங்கினேன். தொண்டை பாதியில் நிறுத்தியது. இன்னொரு வாய் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், கையை வாய்க்குக் கொண்டுபோனேன், வாடை வந்தது, அதற்கு மேல் முடியவில்லை. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து பின்வாசலுக்குப் போனேன்.

முருங்கை மரத்தடியில் வாந்தி எடுத்தேன். காலையில் குடித்த காபி வரைக்கும் வந்துவிட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுக்கு ஓடிவந்தது. என் காலடியில் கிடந்ததை நக்க ஆரம்பித்தது. விரட்டினேன், போகவில்லை. வால் ஆடிக்கொண்டே இருந்தது.

முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். குழம்பு நல்லாருக்கு பொன்மலர் என்றேன். அவள் என் தட்டைப் பார்த்தாள். "கொஞ்சம் மோர் ஊத்தட்டுமா மைனி?" என்றாள். ஊற்றினாள். என் சட்டியைச் சத்தம் வராமல் அடுப்பில் ஏற்றினாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலை பஸ்ஸில் கிளம்பினேன். சுக்கு பிள்ளைகளோடு மச்சில் இருந்தது. கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இவர் தீபாவளிக்கு வாங்கிய வேஷ்டியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி முன்னறையிலேயே உட்கார்ந்து முறுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது, மீன் முள் தின்றுகொண்டு திரிகிறது என்றேன். டாக்டர் அப்படி ஒன்றும் கொடுக்கக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். இருந்தும் அப்படித்தான் சொன்னேன்.

"சிவ சிவா" என்றார் மதினி. சல்லடையைத் தட்டினார். "நீ என்ன சாப்பிட்ட? அந்தப் பிள்ளை தனியாச் சமைச்சிக் குடுத்தாளா?"

குடுத்தா மதினி என்று சொன்னால் போதும். உண்மையும் அதுதான்.

"இல்ல மதினி. மீன்தான் சாப்பிட்டேன். நெத்திலி."

சல்லடை நின்றது. மதினி என்னைப் பார்க்கவில்லை, தன் தம்பியைப் பார்த்தார். இவர் வேஷ்டியை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நிதானமாக. பிறகு கேட்டார்.

"ருசியா இருந்துச்சா?"

குரல் உயரவில்லை.

"ரொம்ப" என்றேன்.

வயிறு இன்னும் புரட்டிக்கொண்டுதான் இருந்தது. முகத்தில் காட்டாமல் நின்றேன்.